மடித்து அடித்த ஓரம்

இதில் வருவது ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் அதுவும் ஆகட்டும். யார் தலை என்பதை மட்டும் கேட்கிறவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

"வேணாம், எடுத்துட்டுப் போ" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி நீட்டிய மருந்துக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"டாக்டர் குடுத்தது அக்கா."

"டாக்டர் குடுத்தா டாக்டரே குடிக்கட்டும். சின்ன வயசுல நான் தைச்ச சட்டையில பட்டனைப் பிச்சுப் பிச்சு முழுங்கினவன்தானே. அவனுக்கு எதுவும் உள்ள போகும்."

கட்டில் காலடியில் நின்றிருந்த டாக்டர் இதை மறுக்கவில்லை. அவர் முழுங்கிய பட்டன்களில் ஒன்று இன்னும் வெளியே வரவில்லை என்பது அவர் அம்மாவுக்கும் இந்த அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர் தம்பியையும் அக்காவின் மகளையும் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு சாயங்காலத்தைத் தாண்டுறது கஷ்டம்" என்றார்.

"காது நல்லாத்தான் இருக்கு எனக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய் தம்பி, இங்க வா. சாயங்காலம்னா நேரமில்ல. நீ உடனே கடைக்குக் கிளம்பு."

அக்கா படுத்திருந்தது படுக்கையறையில் அல்ல. வேலை அறையில். கட்டிலை அங்கே கொண்டுவந்து போட்டால்தான் படுப்பேன் என்று ஒரு மாதத்துக்கு முன்பே அடம்பிடித்துச் சாதித்துவிட்டாள். ஒரு பக்கம் பழைய தையல் மெஷின், உறை போட்டு. மறு பக்கம் மர மேசை. மேசையில் ஒரு தேக்குப் பெட்டி, பார்த்தால் ரொட்டி வைக்கிற டப்பா அளவு. மூடி, அடி, மூலைகள் எல்லாம் முடிந்தாயிற்று. ஓரம் மட்டும் பாக்கி. அது அவள் தன் சாம்பலுக்காகத் தானே செய்த பெட்டி.

பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய ரவுட்டர் மெஷின் கருகிக் கிடந்தது. அடியில் சுழலும் பிட் என்கிற வெட்டுமுனையால் மரத்தின் ஓரத்தை வளைத்தும் நெளித்தும் அழகு பண்ணுகிற கைமெஷின் அது. முந்தின நாள் அவள் பெட்டியின் ஓரத்தைத் தொடப்போகும் நேரத்தில் ஒரு இருமல் இருமி, கொஞ்சம் புகை விட்டு, நின்றுபோனது.

"எனக்கு முன்னாடி போயிட்டான் பாரு, அவசரக்காரன்" என்றாள் அக்கா. "ஓரம் இல்லாத பெட்டியில நான் போகமாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் போகமாட்டேன் என்றால் போகமாட்டாள். அது டாக்டருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். சாவுக்கும் அதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஓரம் என்பது அவளுக்கு விளையாட்டு அல்ல. வாழ்நாள் முழுக்கத் தையல்காரியாக இருந்தவள். "ஓரம் அடிக்கிற வரைக்கும் அது துணிதான். அடிச்சப்புறம்தான் அதுக்குச் சட்டைன்னு பேரு" என்பாள். அவள் அடித்த பேண்ட் ஓரத்தைப் பார்த்து அசந்துபோன நில அளவைக்காரர் ஒருவர், கழற்றி அதையே வைத்து இரண்டு தோட்டங்களுக்கு நடுவே எல்லை போட்டார். அந்த வேலி இன்றும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. அன்று அவர் எப்படி வீட்டுக்குப் போனார் என்பது வேறு கதை, அதுவும் உண்மைதான்.

கண் மங்கி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது எல்லோரும் இனி ஓய்வாக இருப்பாள் என்று நினைத்தார்கள். அவளோ ஒரு ரவுட்டரை வாங்கிக்கொண்டு வந்தாள். "இதுக்கு நூல் கோர்க்க வேண்டியதில்ல" என்றாள், அவ்வளவுதான் விளக்கம். முதல் நாள் ஒரு தப்பு செய்தாள், தையல்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தையல் மெஷின் துணியைத் தானே இழுத்துக்கொண்டு போகும், நாம் திசை காட்டினால் போதும். ரவுட்டரும் அப்படித்தான் என்று நினைத்து, பிட் சுழலுகிற போக்கிலேயே அதை விட்டுவிட்டு, விரலால் லேசாகத் திசை காட்டினாள். அது அவளைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. பலகையை முடித்து, மேசைக்கு ஓரம் போட்டு, இறங்கி, கதவுக்கு ஓரம் போட்டு, படியிறங்கி, எதிர்வீட்டுக் கேட்டுக்கும் ஓரம் போட்டு, ஒயர் நீளம் தீர்ந்த இடத்தில்தான் நின்றது. எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். கேட்டைத் திரும்பிப் பார்த்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவள் மெஷினை எப்போதும் பிட்டின் சுழற்சிக்கு எதிராகத்தான் தள்ளினாள்.

நகைப்பெட்டி, பேனாப் பெட்டி, படச்சட்டம் என்று சின்னச் சின்னதாகத்தான் செய்வாள். மூடி அவ்வளவு கச்சிதம். ஒரு வீட்டில் மழைக்காலத்தில் மூடிய பெட்டியைக் கோடையில் திறந்தார்கள், உள்ளேயிருந்து மண்வாசனை வந்தது. கொஞ்ச நேரம் குடை தேடினார்களாம்.

தம்பியின் கதை வேறு. அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய்வந்தவனுக்கு நேராகப் பார்க்கத் தெரியாது என்பது அக்காவின் அபிப்பிராயம். அவன் அவளுக்கு வாங்கிவந்த ஒரு பொருளும் அந்த வீட்டில் தங்கியதில்லை. நூல் வாங்கினால் நிறம் ஒரு சாயை கம்மி, திருப்பிக் கொடு. குடை வாங்கினால் கம்பி ஒன்று சோம்பேறி, திருப்பிக் கொடு. கடிகாரம் வாங்கினான், சத்தம் அதிகாரமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கூட்டிவந்ததும் அவன்தான். முதலில் அவரையும் திருப்பி அனுப்பினாள். வேறு சரக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதே ஆளைக் கட்டிக்கொண்டாள். அந்த நல்ல மனிதர் கண் மூடும்வரை வாசலில் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.

ஒரே ஒரு பொருள். இத்தனை வயதில் ஒரே ஒரு பொருளைப் பார்த்தாவது அவள் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் போதும் என்பது தம்பியின் ஆசை. அது நடக்க இனி ஒரு சாயங்காலம்தான் மிச்சம் என்பதும் அவனுக்குப் புரிந்திருந்தது. பெட்டி மூடியில் வெட்டி மிஞ்சிய தேக்குத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கருவிக் கடையில் கொண்டையில் பென்சில் செருகிய ஒரு பெண் நின்றிருந்தாள்.

"என்ன வேலைக்கு ஐயா ரவுட்டர்?"

"சின்னப் பெட்டிம்மா. ஓரத்துல வேலைப்பாடு."

"எவ்வளவு சின்னது?"

"ஒரு ஆள் அடங்குற அளவு."

அவள் பென்சிலை உருவி மறுபடி செருகிக்கொண்டாள். "அது சின்னதா ஐயா?"

"ஆளைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டுத் தம்பி கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கண் போன இடம் எது என்பதில் சந்தேகமே வேண்டாம். இரண்டு கைப்பிடியோடு, கழுத்து தடித்த, பெரிய ரவுட்டர். மோட்டார்களோடே வாழ்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் ஈரம் ஊறியது.

"இதுங்களா? கதவு, டேபிள், எதுவா இருந்தாலும் தின்னுடும்" என்று அந்தப் பெண் காட்சிக்கு வைத்திருந்ததை எடுத்துச் சுவிட்சைப் போட்டாள். கடையிலிருந்த ஆணிகள் எல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தன. தம்பியின் மூக்குக்கண்ணாடி மூக்கை விட்டு எழுந்து நின்றது. வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் தன் முதலாளி கூப்பிடுகிறார் என்று நினைத்து "இதோ வந்துட்டேன் சார்" என்றார்.

தம்பி பையிலிருந்த தேக்குத் துண்டை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் அந்த மெஷினை நிறுத்திப் பார்த்தான். யானையை முக்காலியில் ஏற்றின கதை. அடித்தட்டில் முக்கால்வாசி வெறும் காற்றில் தொங்கியது. கொஞ்சம் கை அசந்தால் போதும், மெஷின் சாய்ந்து, பிட் மரத்தைக் கடித்துக் குழி பறித்துவிடும். தூக்கிப் பிடிக்க இரண்டு கை வேண்டும், பெட்டியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அக்காவுக்கு இப்போது ஒரு கை தூக்குவதே பெரிய காரியம்.

அவன் ஒரு பெருமூச்சோடு அதைத் தள்ளி வைத்தான். இளம் வயதில் அவன் வேறு சிலவற்றையும் இப்படித் தள்ளி வைத்ததுண்டு.

"அப்போ இது பாருங்க. நடுத்தரம். ரெண்டு அடித்தட்டு தர்றோம். ஒண்ணு அசையாம நிக்கும், இன்னொண்ணு மேலேயிருந்து கீழே அமுக்கலாம். ஒரே மெஷின், ரெண்டு வேலை."

உள்ளும் புறமும் மாற்றிப் போட்டுக்கொள்கிற சட்டையை அக்கா சட்டை என்றே ஒத்துக்கொண்டதில்லை. "ரெண்டு வேலை எல்லாம் எங்க வீட்ல எடுபடாதும்மா" என்றான் தம்பி. "ஓரம் மட்டும்தான்."

அப்போதுதான் போன் அடித்தது. அக்காவின் மகள்.

"மாமா, அம்மா உங்ககிட்ட பேசணுமாம். டாக்டர் பேசக் கூடாதுங்கிறார். அவரை வெளிய உக்கார வச்சிருக்கு."

"நீ எப்படி இருக்க பாப்பா?" என்று கேட்டான். பாப்பாவுக்கு நாற்பது வயது.

அவள் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. "டேய். பெரிய மெஷின் முன்னாடி நின்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறியா?"

"இல்லக்கா. அதைத் தள்ளி வச்சாச்சு."

மறுமுனையில் சின்ன மௌனம். தம்பி அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டான். அப்படிப்பட்ட மௌனம் அவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்ததே இல்லை.

"சின்னது இருக்கா? ஒத்தக் கையில அடங்குறது?"

"இருக்கு. உள்ளங்கையில உக்காருது, சொம்பு மாதிரி."

"வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சக்கரம் இருக்கா? எல்லா மரத்தையும் ஒரே வேகத்துல ஓட்டினா கருகிடும். என்ன, இஸ்திரிப் பெட்டி மாதிரிதான்."

"இருக்கு. திருகிப் பாத்தேன்."

"அடித்தட்டு வழியா பிட்டு தெரியுமா? எனக்கு ஊசி முனை தெரியாம தைக்க வராது."

தம்பி குனிந்து பார்த்தான். அந்தச் சின்ன ரவுட்டரின் அடித்தட்டு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக். "தெரியுது. உள்ள வெளக்குகூட எரியுது."

"வெளக்கு எதுக்கு, கல்யாணமா நடக்குது? பழையது மாதிரியே வாங்கிட்டு வந்துடு."

"பழையது இப்ப வர்றதே இல்லையாம் அக்கா."

"நானும்தான் இனிமே வர்றதில்ல" என்றாள் அவள். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தம்பி காத்திருந்தான்.

"பிட்டு என்ன வேணும்? வழக்கமா வாங்குற அரைவட்டமா?"

"உன் இஷ்டம்."

தம்பி அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் ஓடிவந்து ஒரு ஸ்டூலைப் போட்டாள். காலையில் டாக்டர் சொன்னபோதுகூட அவன் நின்றுகொண்டுதான் கேட்டான். இப்போது உட்கார்ந்துவிட்டான். உன் இஷ்டம். அறுபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல். அவன் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையின் நிறம்கூட அவன் இஷ்டமாக இருந்ததில்லை.

"ஐயா, தண்ணி?"

"பிட்டு" என்றான் தம்பி. "இருக்கிற எல்லா பிட்டையும் எடும்மா."

அவள் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினாள். பாம்பு மாதிரி நெளிகிறது ஒன்று. அலை அலையாக ஒன்று. அரண்மனைத் தூணுக்கு ஆகிறது ஒன்று. சும்மா சரிவாகச் சீவுகிறது ஒன்று. எல்லாமே அழகாகத்தான் இருந்தன. எதை எடுத்தாலும் அவள் சொல்லப்போகும் சொல் அவன் காதில் முன்கூட்டியே விழுந்தது. நெளியிறது எதுக்கு, நான் என்ன நாட்டியக்காரியா? தூணு எதுக்கு, என்மேல யாராவது மாடி கட்டப்போறாங்களா?

அவன் தலையைக் குனிந்தான். யோசிக்கக் குனிந்தானா, வேறு எதற்காவது குனிந்தானா என்பது நமக்கு வேண்டாம். குனிந்தபோது அவன் கண்ணில் பட்டது அவனுடைய சட்டையின் கீழ் ஓரம். அவள் தைத்தது. துணியை உள்ளே ஒரு மடிப்பு மடித்து, மேலே ஒரு தையல் ஓட்டியிருந்தாள். விளிம்பில் சின்ன உருண்டை, அதற்கு மேல் மெல்லிசாக ஒரு படி. எத்தனை வருஷமாக அந்த ஓரத்தோடு அவன் நடந்துகொண்டிருந்தான்!

அவன் சட்டை ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிட்டாக எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"ஐயா, மரத்துக்குத்தானே பிட்டு?" என்றாள் அந்தப் பெண்.

"மரத்துக்குத்தான்."

"சட்டையை வச்சு பிட்டுக்கு அளவு பாக்குற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"நாளைக்கும் பாக்க மாட்டீங்க" என்றான் தம்பி. அப்போது அவன் கையில் சரியானது இருந்தது. சின்ன உருண்டை, மேலே ஒரு படி. நுனியில் பேரிங். மரத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே ஓடும் அந்தச் சின்ன உருளை இல்லாவிட்டால் பிட் தன் போக்கில் உள்ளே போய்விடும். அதையும் விரலால் சுற்றிப் பார்த்தான். சத்தமில்லாமல் சுற்றியது.

"இந்தச் சின்ன மெஷின் புதுசா ஒண்ணு, இந்தப் பிட்டு. குடுங்க."

அவள் இரண்டையும் அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே டேப் ஒட்டிக் கொடுத்தாள். வீடு திரும்பிய வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வழியில் ஒரு ஆம்புலன்ஸ் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டது.

வாசலில் அக்காவின் மகள் நின்றிருந்தாள். மாமாவின் கையிலிருந்த பையை வாங்கி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள். தம்பி செருப்பைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.

தொடக்கத்தில் செய்த சத்தியத்தை இந்த இடத்தில் ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது இதுதான்.

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குத் தலையணைகள். குறுக்கே, துணி வெட்டுகிற பழைய பலகை. அதன்மேல், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, அசையாமல் ஒட்டப்பட்ட பெட்டி. பக்கத்தில் டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நாடி மத்தியானமே நின்னுடுச்சு" என்றார் அவர் மெதுவாக. "ஆனா பேசிக்கிட்டே இருக்காங்க. நான் என்னன்னு எழுதுறது?"

"எழுதாதே" என்றாள் அக்கா. "உன் எழுத்தை எவனும் படிக்க மாட்டான். டேய், கொண்டா."

மெஷினைக் கொடுத்தான். அவள் ஒற்றைக் கையில் வாங்கினாள். காலையில் கரண்டிக்குப் பாரம் என்ற கை. தூக்கிப் பார்த்தாள். அடித்தட்டை நகத்தால் சுண்டினாள். சக்கரத்தைத் திருகினாள். சுவிட்சைப் போட்டு, குழந்தை அழுகிறதா சிரிக்கிறதா என்று கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். நிறுத்தினாள். தம்பியின் கால் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது, திருப்பிக் கொடுக்கப் போய்ப் போய்ப் பழகிய கால்.

அவள் பிட்டைப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு தம்பியின் சட்டையைப் பார்த்தாள். மறுபடி பிட்டைப் பார்த்தாள். அதை மெஷினின் வாயில் மாட்டி முடுக்கினாள்.

"பாப்பா, ஒயரைப் பிடிச்சுக்கோடீ. காலுக்கடியில போகாம. டாக்டரு, வாயை மூடிக்கோ, தூளு போகும். ஏற்கெனவே உள்ள பட்டன் இருக்கு."

முதலில் மரத்தின் ரேகை அறுபட்டு நிற்கிற பக்கங்களில் ஓட்டினாள். அந்தப் பக்கம்தான் மூலையில் பிய்த்துக்கொள்ளும். பிறகு ரேகை நீளமாக ஓடுகிற பக்கங்களில் ஓட்டினால், பிய்ந்ததெல்லாம் துடைத்தெடுத்த மாதிரி போய்விடும். ஒரேயடியாகக் கடிக்கவிடவில்லை. கொஞ்சமாக ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் இறக்கி ஒரு தடவை, கடைசியாக முழு ஆழத்துக்கு ஒரு தடவை. மெஷின் அவள் கையில் நாய்க்குட்டி மாதிரி போயிற்று. ஒரு இடத்திலும் நிற்கவில்லை, ஒரு இடத்திலும் கருகவில்லை. தேக்கின் தூள் படுக்கை விரிப்பில் பழுப்பாகப் பெய்தது. அந்த வாசனை தெருக்கோடி வரை போய், போகிறவர்கள் எல்லாம் எங்கேயோ புதுவீடு கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓரத்தில் வந்து உட்கார்ந்த ஈ ஒன்று வழுக்கி விழுந்தது. எழுந்து மறுபடி உட்கார்ந்து மறுபடி விழுந்தது. வேண்டுமென்றேதான் விழுகிறது என்று டாக்டர் அபிப்பிராயப்பட்டார்.

அக்கா மெஷினை நிறுத்தி, பெட்டியின் ஓரத்தை ஊதினாள். கட்டைவிரலால் ஒரு சுற்று சுற்றி வந்தாள், நாலு பக்கமும், நாலு மூலையும். உப்புத்தாளுக்குக் கை நீட்டி, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"மெஷின் இருக்கட்டும்" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்து, "பிட்டும் இருக்கட்டும்" என்றாள். இன்னும் கொஞ்சம் யோசித்து, அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்து, "நீயும் இருடா" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. வாசலில் வெகுநேரமாகக் காத்திருந்து, அவள் முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

சாம்பல் வீட்டுக்கு வந்த அன்று கூடத்து மேசையில் பெட்டியை வைத்தார்கள். அதன்மேல் அக்கா தைத்த ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தாள் மகள். மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தெருமுனைப் பேக்கரிக்காரர் வந்தார். எதிர்வீட்டுக்காரர் மனைவியோடு வந்தார். அக்கா ஓரம் அடித்துக் கொடுத்த சட்டைகளைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சிலருக்கு அவை இறுக்கமாகியிருந்தன. நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்ததால் மரியாதையாக இருந்தது.

தம்பி சவரம் செய்து, தலைவாரி, மேசைக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னான்.

"மெஷின் யார் தேர்ந்தெடுத்தது?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

"நான்தான்."

"நீயா? அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"இருக்கட்டும்னு சொன்னா. எல்லார் முன்னாடியும்." தம்பி நிமிர்ந்தான். "பெரிய மெஷின் சின்ன வேலைக்கு ஆகாது, தெரியுமா? சாயும். அடித்தட்டு நிக்க இடம் வேணுமில்ல? கைக்குள்ள அடங்கணும், பிட்டுல பேரிங் இருக்கணும், வேகம் நம்ம பேச்சைக் கேக்கணும். இதெல்லாம் பாத்துத்தான் எடுத்தேன். ஓரம் எப்படித் தெரியுமா? இதோ, இதே மாதிரி" என்று தன் சட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான்.

பேக்கரிக்காரர் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். "அடேயப்பா. மரத்துலயா?"

"மரத்துலதான். தேக்குல."

"நான் ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்று அவர் துணியின் நுனியைப் பிடித்தார்.

அக்காவின் மகள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. பேக்கரிக்காரரின் நீட்டிய கையில் ஒரு டீ கிளாஸை வைத்தாள். நல்ல சூடு. அவர் துணியை விட்டுவிட்டு கிளாஸை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். அவள் துணியின் நுனியை இழுத்துச் சரியாக்கினாள்.

"மூணே தடவைதான் ஓட்டினா" என்று தம்பி தொடர்ந்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, மூணே தடவை."

"நாலு, மாமா" என்றாள் அவள்.

தம்பி தலையைத் தூக்கினான்.

"கடைசியா ஒரு தடவை சும்மா மேலாக்க ஓட்டினாங்க, மினுமினுப்புக்கு. நீங்க அப்ப கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்தீங்க. தூள் பட்டுடுச்சு உங்களுக்கு. நான்தானே ஒயரைப் பிடிச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா?"

தம்பி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆமா" என்றான் பேக்கரிக்காரரிடம். "நாலு. பாப்பா சொல்றதுதான் சரி. நாலு தடவை."

பேக்கரிக்காரர் டீயை ஊதிக்கொண்டே, "அவங்க கை அப்படி" என்றார். அதற்குள் வாசலில் வேறு யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. தம்பி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அந்த ரவுட்டர் இப்போது வேலை அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கடையில் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிக்கொடுத்த டேப்பை இதுவரை யாரும் கிழிக்கவில்லை.